கறுப்புக் கல் எல்லாம் அல்லனைட் அல்ல: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் லால்பாக் பாறையைப் பற்றி எழுதியபோது, பெங்களூரைச் சுற்றியுள்ள கருங்கல்லில் சீரியம், லாந்தனம் போன்ற அருமண் தனிமங்களைத் தாங்கிய கனிமங்களும் துகளளவில் உண்டு என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். பாறையைப் பற்றி வந்த கடிதங்களைவிட அந்த ஒரு வரியைப் பற்றி வந்த கடிதங்களே மிகுதி. ஆகவே இம்முறை இடம் முழுவதையும் அவற்றுக்கே கொடுத்துவிடுகிறேன்; ஆழ்துளைக் கிணறு பற்றிக் கேட்டிருந்த இரு வாசகர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: ராமநகரத்துக்கு அருகே கைவிடப்பட்ட ஒரு கல்குவாரிக்கு, உரிமையாளரின் அனுமதியுடன் சென்றிருந்தோம். இளஞ்சிவப்பு நிறப் பாறையின் நடுவே இரண்டு விரற்கடை அளவில் கன்னங்கரேலென்று பளபளத்த ஒரு கனிமத்தை உளியால் பெயர்த்து எடுத்து வந்தேன். உடன் வந்த நண்பர் அது அல்லனைட் என்னும் அருமண் கனிமம் என்று உறுதியாகச் சொல்கிறார். களத்திலேயே இதை எப்படி அறிவது?
– ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், அல்சூர்

பதில்: உங்கள் நண்பர் சொல்வது நடக்காத செய்தியன்று, அதை உறுதியாகச் சொன்னார் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ராமநகரத்துக் குன்றுகள், அவ்வூரின் பழைய பெயராலேயே க்ளோஸ்பேட் கருங்கல் என்று அழைக்கப்படும் பாறையால் ஆனவை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுடைய அந்தப் பாறைப் பட்டை கர்நாடகத்தின் ஊடே வடக்குத் தெற்காகச் சுமார் 400 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. உருகிய பாறைக்குழம்பு ஆறி இறுகும்போது ஃபெல்ஸ்பாரும், நம்மூரில் வெங்கச்சான் கல் என்று சொல்லும் குவார்ட்ஸும், காக்காப்பொன்னும் தத்தமக்கு ஏற்ற தனிமங்களை எடுத்துக்கொள்ள, அவற்றின் படிகக் கட்டங்களுக்குள் பொருந்தாத சீரியம், லாந்தனம், தோரியம் முதலியவை முதற்பந்தியில் இடம் கிடைக்காதவர்களைப் போலக் கடைசிவரை குழம்பிலேயே தங்கிவிடுகின்றன. அந்தக் கடைசிக் குழம்பு பாறைப் பிளவுகளில் புகுந்து பெரிய பெரிய படிகங்களாக இறுகுவதே பெக்மடைட் என்னும் நாளம். நீங்கள் கண்ட இளஞ்சிவப்புப் பகுதி அத்தகைய நாளமாக இருந்தால், அல்லனைட் அங்கே இருக்க எல்லா நியாயமும் உண்டு. ஆனால் அதே நாளத்தில் கறுப்பு டூர்மலினும், ஹார்ன்பிளெண்டும், மேக்னடைட்டும், தடித்த கறுப்புக் காக்காப்பொன்னும் இருப்பதற்கும் அதே அளவு, ஏன், அதைவிடக் கூடுதலான நியாயம் உண்டு.

இங்கே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். கனிமத்தைப் பெயர்த்தெடுத்தபோதே நீங்கள் பாதிச் சாட்சியத்தைக் குவாரியில் விட்டுவிட்டு வந்துவிட்டீர்கள். அல்லனைட்டை அடையாளம் காட்டுவது அதன் முகத்தைவிட அதன் அக்கம்பக்கம்தான். அதன் படிகத்துக்குள் சிறிதளவு தோரியம் இருக்கும். அது கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிதைந்து வெளியிடும் ஆல்பாத் துகள்கள், படிகத்தின் ஒழுங்கான கட்டமைப்பை உள்ளிருந்தே கலைத்துக் கண்ணாடி போன்ற ஒழுங்கற்ற நிலைக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. அப்படிக் கலையும்போது கனிமம் சற்றே உப்புகிறது. சுவரில் முளைத்த ஆலங்கன்று சுவரைப் பிளப்பது போல, உப்பிய அல்லனைட் தன்னைச் சுற்றியுள்ள ஃபெல்ஸ்பாரிலும் வெங்கச்சான் கல்லிலும் சூரியக் கதிர்கள் போல நாற்புறமும் ஓடும் மெல்லிய விரிசல்களை உண்டாக்குகிறது. அந்த விரிசல்கள் வழியே நீர் இறங்கி இரும்பைத் துருவாக்குவதால், கறுப்புக் கனிமத்தைச் சுற்றி செங்காவி நிறத்தில் ஒரு வளையம் தோன்றும். கனிமத்தின் மேலும், வெயிலும் மழையும் பட்ட பக்கத்தில், பழுப்பு நிற மெழுக்கு ஒன்று படிந்திருக்கும். விரிசல், வளையம், மெழுக்கு ஆகிய மூன்றும் ஒருங்கே இருந்தால் நான் குனிந்து பார்ப்பேன். மூன்றும் இல்லாவிட்டால் எவ்வளவு பளபளத்தாலும் அடுத்த கல்லுக்குப் போய்விடுவேன். டூர்மலின் இப்படிச் சுற்றுப்புறத்தைப் பிளப்பதில்லை.

இப்போது கையில் இருப்பது கல் மட்டும் என்பதால், மீதிப் பாதிச் சாட்சியத்தைக் கொண்டு விலக்கிக்கொண்டே வரவேண்டியதுதான். சாதாரணக் காந்தத்தை அருகே கொண்டுபோனால் தாவி ஒட்டிக்கொள்வது மேக்னடைட். நகத்தால் ஏடு ஏடாக உரிக்க வந்தால் காக்காப்பொன். பென்சில் போல நீண்டு, நெடுக வரிவரியாகக் கோடுகள் ஓடி, குறுக்கே பார்த்தால் முனை மழுங்கிய முக்கோணமாகத் தெரிந்து, கண்ணாடியை எளிதில் கீறினால் அது டூர்மலின். உடைந்த முகத்தில் படிப்படியாகப் பளிச்சிடும் தட்டையான பிளவுத் தளங்கள் தெரிந்தால் ஹார்ன்பிளெண்ட். அல்லனைட்டுக்கு இவை ஒன்றும் இராது. தார்க்கட்டியை உடைத்தாற்போலக் கொழுப்பு மினுமினுப்போடு, பாட்டில் அடியைப் போல வளைந்து வளைந்து உடையும். கண்ணாடியைக் கீறுவதற்கே சிரமப்படும். மெருகில்லாத ஓட்டுச் சில்லின் மேல் இழுத்தால் சாம்பலோ பழுப்போ ஆன கோடு விழும், டூர்மலினோ நிறமற்ற தடத்தையே விடும்.

இதற்கும் மேல் ஒரு சோதனையை உங்கள் சமையலறையிலேயே செய்யலாம். கிராமில் தசமம் காட்டும் சிறு தராசு ஒன்று போதும். கல்லில் ஃபெல்ஸ்பார் ஒட்டிக்கொண்டிருந்தால் நீக்கிவிட்டு எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் நீர்ப் பாத்திரத்தை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, கல்லை மெல்லிய நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் நீருக்குள் தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் எண், கல் ஒதுக்கிய நீரின் எடை. முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். கல் 42 கிராம், நீரில் காட்டியது 11 கிராம் என்றால் விடை 3.8. டூர்மலின் 3.0 முதல் 3.2 வரை, ஹார்ன்பிளெண்ட் 3.4க்குள், மேக்னடைட் 5.2, அல்லனைட் 3.3 முதல் 4.2 வரை என்பதால், 3.8 வந்தால் உங்கள் நண்பருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுக்கலாம். 3.1 வந்தால் அவர் வாங்கித் தரவேண்டும்.

அடுத்த முறை செல்லும்போது உளியை எடுப்பதற்கு முன் கேமராவை எடுங்கள். அளவுக்கு ஒரு நாணயத்தை அருகே வைத்து, கனிமம் பாறையில் பதிந்திருக்கும் நிலையில் ஒரு படம். நாளம் முழுவதும் தெரிய ஒரு படம். அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நாளத்தின் அகலம், அது ஓடும் திசை, சுற்றியுள்ள பாறை எது என்பன குறிப்பேட்டில். எடுப்பதானாலும் சுற்றுப் பாறையோடு சேர்த்து ஒரு சில்லாக, அதுவும் உடைந்து கிடக்கும் குவியலிலிருந்து எடுப்பதே நல்லது. ராமதேவர பெட்டா 2012 முதல் பாறுக் கழுகுகளுக்கான சரணாலயம் என்பதையும், அங்கே சுத்தியல் ஓசைக்கே இடமில்லை என்பதையும் நினைவில் கொள்ளவும்.

கேள்வி: கதிரியக்கத்தைத் துடிப்புகளாக எண்ணிக் காட்டும் கெய்கர் கருவி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். வீட்டில் இருப்பதைவிட லால்பாக் பாறையின் மேல் அது அதிகமாகத் துடிக்கிறது. அங்கே அருமண் கனிமம் இருக்கிறது என்று கொள்ளலாமா?
– மென்பொருள் பொறியாளர், பிரேசர் டவுன்

பதில்: கொள்ளலாகாது. லால்பாக் பாறையின் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டு. அதன் பெரும்பகுதி குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும். பொட்டாசியம் ஃபெல்ஸ்பாரின் எடையில் சுமார் 14 சதவீதம் பொட்டாசியமே; இயற்கைப் பொட்டாசியம் எங்கிருந்தாலும் அதில் பொட்டாசியம்–40 என்னும் கதிரியக்க வகை நூற்றில் ஒரு பங்கின் நூற்றில் ஒரு பங்கு அளவில் கலந்தே இருக்கும். பரந்த கருங்கல் தளத்தின் நடுவே கருவியை வைத்தால் எல்லாப் பக்கத்திலிருந்தும் அந்தப் பொட்டாசியம் பேசுகிறது, அவ்வளவுதான்.

கருவியைப் பயன்படுத்தும் முறையிலும் பலர் தவறுகிறார்கள். துடிப்புகள் சீராக வருவன அல்ல. எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு அவை மேலும் கீழும் சிதறும். நிமிடத்துக்கு 30 துடிப்புகள் உள்ள இடத்தில் அடுத்த நிமிடம் 36 வந்தால் அதில் செய்தி ஒன்றும் இல்லை. அதே இடத்தில் 10 நிமிடம் எண்ணினால் 300 வரும். அதன் சிதறல் சுமார் 17. கல்லை வைத்து 10 நிமிடம் எண்ணி 360 வந்தால் அப்போது செய்தி உண்டு. பொறுமையில்லாதவர் கையில் கெய்கர் கருவி சோழி உருட்டுவதற்குச் சமம்.

இன்னொன்று: அந்தக் கருவி கேட்பது தோரியத்தின் குரலை, அருமண்ணின் குரலை அன்று. சீரியமும் நியோடிமியமும் கருவிக்குக் கேட்கும்படி கதிர்வீசுவன அல்ல. அவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் தோரியமே காட்டிக்கொடுக்கிறது. கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கம் 1949இல் யுரேனியத்தைத் தேடிப் போனவர்களின் கெய்கர் கருவியால் அகப்பட்டது என்பது உண்மையே. ஆனால் அங்கே தோண்டியெடுக்கப்படும் பாஸ்ட்னசைட் என்னும் கனிமத்தில் தோரியம் குறைவு. ஆகவே கருவி துடித்தால் அருமண் உண்டு என்பதும், துடிக்காவிட்டால் இல்லை என்பதும் இரண்டுமே தவறு. லால்பாக் பாறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். அங்கே கருவியோடு உட்காரலாம், சுத்தியலோடு போகக் கூடாது.

கேள்வி: அருமண் தனிமங்களுக்கு அரியவை என்று ஏன் பெயர்?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, ஸ்ரீராமபுரம்

பதில்: பெயர் வைத்தவர்களுக்கு அவை அரியவையாகத் தெரிந்தன. 1787இல் சுவீடனின் இட்டர்பி என்னும் சிற்றூர்ச் சுரங்கத்தில் கிடைத்த கனமான கறுப்புக் கல்லொன்றை 1794இல் ஆராய்ந்த யோஹான் கடோலின், அதில் அதுவரை அறியாத ஒரு ‘மண்’ணைக் கண்டார், அக்காலத்தில் எளிதில் உருகாத ஆக்சைடுகளுக்கு மண் என்றே பெயர். அந்த ஒரு சிற்றூரின் பெயரால் இட்ரியம், டெர்பியம், எர்பியம், இட்டர்பியம் என நான்கு தனிமங்கள் வழங்குகின்றன. லாந்தனம் முதல் லுட்டீசியம் வரை 15, அவற்றோடு ஸ்காண்டியமும் இட்ரியமும் சேர்த்து மொத்தம் 17. புவி மேலோட்டில் சீரியம் ஏறக்குறைய செம்பு அளவுக்கு இருக்கிறது. அரிது எதுவென்றால், ஓரிடத்தில் தோண்டத் தகுந்த அளவு திரண்டிருப்பதுதான். அதைவிட அரிது, பிறந்தது முதல் ஒட்டியே இருக்கும் இந்த உடன்பிறப்புகளைத் தனித்தனியே பிரிப்பது.

கேள்வி: என் பிறந்த ஊர் மணவாளக்குறிச்சி. கடற்கரையில் விளையாடும்போது கால் சுடும் கருமணலில் மோனசைட் என்னும் அருமண் கனிமம் இருக்கிறது என்று இப்போதுதான் விவரமாகத் தெரிந்துகொண்டேன். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அந்த மணிகளை எப்படி இனங்காண்பது? கொஞ்சம் எடுத்து வந்து பெங்களூரில் பிள்ளைகளின் பள்ளிக் கண்காட்சியில் வைக்கலாமா?
– இல்லத்தரசி, ஜாலஹள்ளி

பதில்: இரண்டாம் கேள்விக்கு முதலில் விடை: எடுத்து வராதீர்கள், அம்மா. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதற்கேள்வி அதைவிடச் சுவையானது.

உங்கள் ஊர்க் கடற்கரைக்கு அந்த மணிகளைக் கொண்டுவந்தவை மேற்குத் தொடர்ச்சி மலையின் பழம்பாறைகள். அவை மட்கி, ஆறுகள் வழியே கடலுக்குப் போய்ச் சேர்ந்த மணலை அலை மறுபடியும் கரையில் வீசுகிறது. வீசும் வேகம் அதிகம், திரும்பும் வேகம் குறைவு என்பதால், திரும்பும் நீர் லேசான வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போக, கனமான மணிகள் கரையில் தங்கிவிடுகின்றன. முறத்தில் கொழிக்கும் அதே வேலையைத் தென்மேற்குப் பருவமழைக் காலத்து அலைகள் ஆண்டுதோறும் செய்கின்றன. உங்கள் பாட்டி வீட்டில் உள்வளையங்கள் கொண்ட அரிக்கஞ்சட்டி இருந்திருக்குமே, அரிசியை நீரில் சுழற்றிச் சுழற்றி ஊற்றினால் கல் வரிகளில் தங்கிவிடும். தங்கம் அரிப்பவர்களும் கனிமம் தேடுபவர்களும் களத்தில் வைத்திருக்கும் தட்டுக்கும் அதற்கும் தத்துவத்தில் ஒரு வேறுபாடும் இல்லை.

கரையிலேயே, காலை வெயிலில், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். கறுப்பாகப் பெரும்பான்மையாக இருப்பது இல்மனைட். ரோஜா நிறத்தில் கண்ணாடிச் சில்லு போல இருப்பது கார்னெட். நிறமற்று, இருமுனையும் கூராகி, வைரம் போல மின்னுவது சிர்கான். வெள்ளைக் குச்சிகள் சில்லிமனைட், கருஞ்சிவப்பு ரூட்டைல். இவற்றின் நடுவே, மிகச் சிறு பங்காக, முட்டை வடிவில் உருண்டு, பனங்கற்கண்டின் நிறத்தில், எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்போடு இருப்பதே மோனசைட். சிர்கானிலும் மஞ்சள் மணிகள் உண்டு என்பதால் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. இங்கேதான் காந்தம் உதவும். பாலித்தீன் தாளில் சுற்றிய வலுவான நியோடிமியக் காந்தத்தை உலர்ந்த மணலின் மேல் மெல்லத் தாழ்த்தினால் முதலில் இல்மனைட் வரும், அடுத்துக் கார்னெட். மோனசைட் தயங்கித் தயங்கி, காந்தம் ஏறக்குறையத் தொடும் நிலையில்தான் அசையும். சிர்கானும் ரூட்டைலும் அசையவே அசையா. அந்தக் காந்தத்தில் இருக்கும் நியோடிமியமும் இத்தகைய கனிமத்திலிருந்து வந்ததுதான் என்பதை நினைத்தால், காந்தம் தன் தாய்வீட்டைத் தேடிப் போவதாகவே எனக்குத் தோன்றும்.

ஆய்வுக்கூடத்தில் மோனசைட் மாதிரி வைத்திருக்கும் கல்லூரிக்குப் போக வாய்த்தால், இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். வெயிலில் தேன் நிறமாக இருக்கும் மணிகள், பழைய டியூப் லைட்டின் கீழ்ப் பச்சை சாயலுக்கு மாறும். மோனசைட்டில் உள்ள நியோடிமியம் மஞ்சள் ஒளியை விழுங்கிவிடுகிறது. பாதரச விளக்கின் ஒளியில் பச்சைக் கோடு வலுவாக இருப்பதால் அதுவே திரும்பி வருகிறது. எல்லா இடத்திலும் எல்.இ.டி. விளக்கு வந்துவிட்ட பிறகு, ஒரு காசு செலவில்லாத இந்தச் சோதனை கைநழுவிப் போய்விட்டது.

இனிக் காரணம். இந்திய மோனசைட்டில் எட்டு முதல் பத்து சதவீதம் வரை தோரியம் ஆக்சைடு இருக்கிறது. உங்கள் ஊரின் பெயர் உலகத்துக்குத் தெரிந்ததே அதனால்தான். 1909இல் திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றுச் சரக்கில் ஒட்டியிருந்த மணலில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் மோனசைட்டைக் கண்டார். நம் பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டும் மேண்டிலுக்கு அக்காலத்தில் தோரியமே மூலப்பொருள் என்பதால், அதைத் தேடி அவர் மணவாளக்குறிச்சிக்கே வந்து ஆலை வைத்தார். பிற்காலத்தில் தோரியம் அணு எரிபொருளோடு தொடர்புடையதாகிவிட்டது. 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் கீழ் மோனசைட் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருளாக அறிவிக்கப்பட்டது. அதைக் கையாள உரிமம் தேவை. 2019இல் கடற்கரை மணலில் மோனசைட்டுக்கான வரம்பு பூஜ்யமாக்கப்பட்டு, தனியார் மணல் குத்தகைகளுக்கு முடிவு கட்டப்பட்டது. ஒரு கைப்பிடி மணலுக்காக யாரும் உங்களைத் துரத்தப் போவதில்லை என்று அண்டை வீட்டார் சொல்லக்கூடும். ஆனால் பள்ளிப் பிள்ளைகளின் கைபடும் மேசையில், உரிமமில்லாத கதிரியக்கப் பொருளை வைத்துப் பெயர் எழுதிக் காட்டுவதற்கு நான் துணைபோக மாட்டேன். மோனசைட்டைப் பொறுத்தவரை கரையில் பார்ப்பதோடு சேகரிப்பவரின் வேலை முடிந்துவிடுகிறது. லென்ஸோடு கைபேசியை ஒட்டிவைத்து எடுத்த படங்களையும், பாட்டியின் அரிக்கஞ்சட்டியில் சாதாரண ஆற்றுமணலை அரித்துக் காட்டும் செய்முறையையும் கண்காட்சியில் வையுங்கள். எனக்குத் தெரிந்து எந்த நடுவரும் அதைக் கடந்துபோக மாட்டார்.

கேள்வி: என்னிடம் உள்ள கறுப்புக் கல்லை அருமண் கல் என்று சொல்லி, லட்சக்கணக்கில் தரத் தயார் என்றும், முதலில் சோதனைக் கட்டணம் கட்டவேண்டும் என்றும் ஒருவர் கைபேசியில் அழைக்கிறார்.
– கடை உரிமையாளர், சிவாஜிநகர்

பதில்: கட்டாதீர்கள். அரிசியை இழுக்கும் செம்பு, இரிடியம் கலசம் என்று நம் ஊர்களில் பல குடும்பங்களை மொட்டையடித்த அதே கதை புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. அருமண் தொழில் டன் கணக்கில் தாதுவை எடுத்து, நூற்றுக்கணக்கான படிகளில் கரைப்பான்கள் வழியே பிரிக்கும் தொழில். அதில் கைக்குள் அடங்கும் ஒரு கல்லுக்கு விலையே கிடையாது.

கேள்வி: கைபேசிச் செயலி என் கறுப்புக் கல்லை அப்சிடியன் என்னும் எரிமலைக் கண்ணாடி என்கிறது, நகைக்கடையில் தங்கம் சோதிக்கும் கருவியில் வைத்துப் பார்க்கலாமா?
– கல்லூரி மாணவர், சிக்பேட்டை

பதில்: செயலி பார்ப்பது நிறத்தையும் பளபளப்பையும் மட்டும், எடை அதற்குத் தெரியாது, கல் கிடந்த இடமும் தெரியாது. கேரட் பார்க்கும் கருவி எக்ஸ்–கதிர் வழியே தனிமங்களைக் காண்பதுதான் என்றாலும், தங்கம், வெள்ளி, செம்பு முதலியவற்றுக்கு அளவு திருத்தப்பட்டது. சீரியத்தைக் காட்டும்படி அமைக்கப்படாத கருவி, கல்லை வைத்தாலும் தனக்குத் தெரிந்த பெயர்களிலேயே கணக்கை நேர்செய்துவிடும். நிலவியல் துறை உள்ள கல்லூரி ஒன்றில், படிகக் கட்டமைப்பைக் கோடுகளாகக் காட்டும் எக்ஸ்–கதிர் விளிம்பு விளைவுச் சோதனைக்கோ நுண்ணோக்கித் தகட்டுக்கோ ஆசிரியர் ஒருவரை அணுகுவதே வழி. அல்லனைட் உள்ளிருந்து சிதைந்துபோயிருந்தால் முதற்சோதனையில் கோடுகள் தெளிவாக வராமற்போகலாம் என்பதையும் அவரிடம் நினைவூட்டுங்கள்.

கேள்வி: கணவர் சேகரித்த கற்களில் இரண்டு கதிரியக்கம் உள்ளவை என்கிறார். வீட்டில் வைத்திருப்பது ஆபத்தா?
– வாசகி, ஜெயநகர்

பதில்: கட்டைவிரல் அளவுள்ள அல்லனைட் என்றால் அஞ்ச வேண்டியதில்லை, அலட்சியமும் கூடாது. தோரியம் வெளியிடும் ஆல்பாத் துகளை ஒரு தாளே தடுத்துவிடும். அது உடலுக்குள் போனால்தான் தொல்லை. ஆகவே கவனிக்கவேண்டியது தூசியை. கல்லை வீட்டில் அறுக்கவோ, தேய்க்கவோ, மெருகிடவோ வேண்டாம். தொட்டபின் கையைக் கழுவுங்கள். மூடியுள்ள பெட்டியில், படுக்கையறை அல்லாத, காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். சிறு கல்லிலிருந்து இரட்டிப்புத் தூரம் விலகினால் கதிர்வீச்சு கால்பங்காகும் என்பதால், உட்காரும் நாற்காலிக்கு அடியில் வைக்காமல் அறையின் மறுமூலையில் வைத்தாலே பெரும்பாலும் போதும். சில ஆண்டுகளில் வீரியம் குறைந்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம். தோரியம் பாதியாகக் குறையவே சுமார் 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். நிலவியல் படித்தவர்களுக்குக் கல்லின் நிறம் தெளிவாகத் தெரிய நாக்கால் ஈரப்படுத்திப் பார்க்கும் கெட்ட பழக்கம் உண்டு, எனக்கும் இருந்தது. உங்கள் கணவருக்கும் இருந்தால் ஒரு தண்ணீர்த் தெளிப்பானை வாங்கிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: என் தந்தை கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். அவர் விட்டுச்சென்ற தகரப் பெட்டியில் பதினாறு கற்கள், பழைய செய்தித்தாளில் தனித்தனியே சுற்றியபடி இருக்கின்றன. எதிலும் பெயர் இல்லை. அவற்றுள் கறுப்பான ஒரு கல்லை வைத்து நண்பரின் கெய்கர் கருவியில் 10 நிமிடம் எண்ணினால் பின்னணியைப் போல இரண்டு மடங்கு வருகிறது. இது தங்கவயலில் கிடைத்த அருமண் கனிமமா?
– வங்கி ஊழியர், இந்திராநகர்

பதில்: பத்து நிமிடம் எண்ணினீர்கள் என்பதற்கே முதலில் பாராட்டு. தங்கவயலின் பாறை பெரும்பாலும் ஹார்ன்பிளெண்ட் நிறைந்த கருமையான தகட்டுப்பாறை, கருங்கல்லைவிடக் கனமானது, ஊசி ஊசியாக மின்னும். 2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்படும்வரை அங்கே வேலை செய்தவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த கறுப்புக் கற்களில் பெரும்பான்மை அதுவாகவே இருக்கும். ஆனால் அந்தப் பாறையில் பொட்டாசியமும் குறைவு, தோரியமும் குறைவு. கருவியை அது இரண்டு மடங்கு துடிக்கவைக்காது. ஆகவே உங்கள் கல் தங்கவயலின் பாறை அல்ல என்பதே என் ஊகம். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் மற்றச் சுரங்கக்காரர்களோடு கற்களைப் பரிமாறிக்கொள்வதுண்டு. ஆந்திரத்தின் நெல்லூர் காக்காப்பொன் சுரங்கங்களில் வெட்டிய பெக்மடைட் நாளங்களிலிருந்து அல்லனைட்டும், சமர்ஸ்கைட் என்னும் இன்னொரு கனமான கறுப்புக் கனிமமும் கிடைத்திருக்கின்றன. யாராவது ஒரு நண்பர் அங்கிருந்து கொண்டுவந்து கொடுத்திருக்கலாம்.

அல்சூர் வாசகருக்குச் சொன்னபடி ஒப்படர்த்தியைப் பாருங்கள். 4.2க்குக் கீழே வந்தால் அல்லனைட் பக்கமாகவும், 5ஐத் தாண்டினால் சமர்ஸ்கைட் பக்கமாகவும் தேடலாம். ஆனால் அதற்கு முன், சுற்றியிருந்த செய்தித்தாள்களைக் குப்பையில் போட்டுவிடவில்லையே? ஒவ்வொரு தாளையும் விரித்து, மொழியையும் தேதியையும் ஊர்ப் பதிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். பதினைந்து கற்கள் தமிழ்த் தாளிலும் இந்த ஒன்று மட்டும் தெலுங்குத் தாளிலும் சுற்றப்பட்டிருந்தால், அது தீர்ப்பு ஆகாது என்றாலும், பெயரில்லாத கல்லுக்கு ஒரு திசையாவது கிடைக்கும். கல்லையும் அதன் தாளையும் ஒரே உறையில் இட்டு, இரண்டின் மேலும் ஒரே எண்ணை எழுதிவிட்டு, தாள் எந்த மொழி என்று எனக்கு எழுதுங்கள்.